கடைசித் தாளுக்கு ஸ்டேப்ளர் அடித்த கடை

துணிக்கடையில் துணியைக் கிழித்துப் பார்க்க விடமாட்டார்கள், பழக்கடையில் கடித்துப் பார்க்க விடமாட்டார்கள். புத்தகக் கடையில் மட்டும் சரக்கை முழுதாகத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே வெறுங்கையோடு வெளியே போகலாம்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரங்களின் நடுவில், துபாய்ப் பக்கத்து அஜ்மானில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் பெட்டி பெட்டியாகப் புத்தகங்களைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அதில் பாதி, அந்தக் காலத்து இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளும் பேய்க்கதைகளும். எல்லாம் சிறுகதைகள். பனிமூட்டம், குதிரை வண்டி, பெரிய பங்களா, அதற்குள் செத்துக் கிடக்கும் ஒரு சொத்துக்காரக் கிழவர். வெளியே தார் உருகும் வெயிலில் வந்தவர்களுக்கு நான் இந்தப் பனிமூட்டத்தை விற்க வேண்டும்.

முதலாளி கீழக்கரைக்காரர். அந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்போம். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது ஆங்கில இலக்கியம். அதைக் கேட்டுத்தான் காக்கா எனக்கு விசா எடுத்தார். ஆறு மாதம் பார்ப்பேன், சரிப்படாவிட்டால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஊரில் அப்பாவோ டீக்கடை வரைக்கும் 'பையன் துபாயில்' என்று சொல்லி முடித்திருந்தார். கடையில் ஒரே ஒரு சட்டம்: எந்தக் கதைக்கும் முடிவைச் சொல்லக் கூடாது. காக்காவின் விளக்கம் இது: "முடிவு தெரிஞ்ச கதையை எவன் தம்பி காசு குடுத்து வாங்குவான்?"

வெள்ளிக்கிழமை வாசகர்

நாவலை யாரும் நின்றுகொண்டே படித்து முடிப்பதில்லை. சிறுகதையை முடித்துவிடுவார்கள். அதுவும் ஏசி ஓடுகிற கடையில். ஒரு தமிழ்க் கணக்காளர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார். மனைவி பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் காய் வாங்கி முடிப்பதற்குள் இவர் ஒரு கொலையை முடித்துவிடுவார். அடுத்த வாரம் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிவதற்காக, எங்கள் புத்தகத்துக்குள்ளேயே பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டுப் போவார். வெட்கம் என்பது அவர் படிக்காத பாடம்.

ஒரு வாரம் அந்தப் புத்தகம் விற்றுப்போனது. அலமாரி முழுக்கத் துழாவிவிட்டு என்னிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு கோபம். "என்ன தம்பி, நான் படிச்சிட்டிருக்கும்போதே வித்துட்டீங்க? எந்த வீட்டுக்குப் போயிருக்குன்னாவது சொல்லுங்க."

பயமில்லாத பேய்

மகளுக்கு இங்கிலீஷ் வளர வேண்டும் என்று ஓர் அம்மா வந்தார். கூட வந்த மகள் அப்போதே என்னைவிட வேகமாக இங்கிலீஷ் பேசினாள். அம்மாவுக்குத் தோல் அட்டை போட்ட ஒரு தொகுப்பு பிடித்துவிட்டது. ஷோகேஸில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார். பிறகு, "இதுல பேய் எதுவும் வராதுல்ல?" என்று கேட்டார்.

அட்டையில் எலும்புக்கூடு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்குப் பொய் சொல்ல வராது. "வரும் மேடம். எல்லாக் கதையிலும் வரும்" என்றேன். காக்கா தன் நாற்காலியிலிருந்து முறைத்தார். ஒரு விற்பனை போயிற்று, கூடவே விசாவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அம்மா தோல் அட்டையை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். "சரி, குடுங்க. வெள்ளைக்காரப் பேய்தானே, கிராமர் தப்பில்லாம பேசும்."

ரெண்டாம் பக்கத்து மேதை

ஷார்ஜாவிலிருந்து ஒரு சைட் இன்ஜினியர் வருவார். வாங்குகிறவர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும், போன வாரக் கொலைகாரனைத் தான் ரெண்டாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டதாக அரை மணி நேரம் சொல்வார். எல்லாம் கடைசிப் பக்கம் படித்த பிறகு வருகிற ஞானம்.

அந்தக் கதைகளின் துப்பறிவாளர் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்து ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று சொல்லும் கதையை ஒருநாள் என் முன்னால் ஆட்டினார். "இந்த ஆளை இங்க கூட்டிட்டு வாப்பா. அபுதாபியிலேர்ந்து அஜ்மான் வரைக்கும் எல்லாச் செருப்புலயும் ஒரே மணலு. பய சோத்துக்கே திண்டாடிப் போவான்!"

காக்காவின் கண்டுபிடிப்பு

கணக்காளரைப் பார்த்து மற்றவர்களும் நின்று படிக்கப் பழகிவிட்டார்கள். காக்கா ஒரு ஸ்டேப்ளரோடு வந்தார். ஒவ்வொரு கதையின் கடைசித் தாளையும் அதற்கு முந்திய தாளோடு சேர்த்து அடித்துவிட வேண்டும். பிரித்தால் வாங்கியாக வேண்டும். ஓரத்தில் அடித்தால் எட்டிப் பார்ப்பார்கள் என்று, தாளின் நட்டநடுவில்.

அடிப்பதற்கு முன் எல்லாக் கதைகளையும் ரூமுக்குக் கொண்டுபோய்ப் படித்து வைத்தேன். வேறொன்றுமில்லை, சரக்கைப் பற்றி யாராவது கேட்டு நான் முழித்தால் விசா கேன்சல் ஆகிவிடுமோ என்ற பயம். "காக்கா, பழைய தாள், அப்பளம் மாதிரி இருக்கு. பிரிக்கும்போது கிழிஞ்சிடும்" என்றும் சொல்லிப் பார்த்தேன். இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக்கூடப் பிரித்துப் படித்திராத மனிதர், ஸ்டேப்ளரை என் கையில் வைத்தார். "கிழிஞ்சா வாங்குனவன் பாடு. நீ அடி தம்பி."

கொலைகாரன் இருந்த இடத்தில் ஓட்டை

ஆறாம் மாதம் முடிகிற வாரம், இன்ஜினியர் கையில் புத்தகத்தோடு கத்திக்கொண்டே உள்ளே வந்தார். "நாலு பேர்ல ஒருத்தன்தான்னு துப்பறியறவன் கையை நீட்டுறான்யா. பின்னைப் பிடுங்குனா, பேரு இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை! ஷார்ஜா டிராபிக்ல ஒண்ணரை மணி நேரம் உக்காந்து வந்திருக்கேன். யாருய்யா கொன்னது?"

காக்கா என்னைப் பார்த்தார். சொன்னால் கடைச் சட்டம் போச்சு. தெரியாது என்றால் பொய். "தெரியும் சார். ஆனா நான் சொல்லக் கூடாது" என்றேன்.

"இது ஒண்ணுதான் தெரியுமா?" என்றார் காக்கா.

"ஸ்டேப்ளர் அடிச்ச எல்லாக் கதையும் தெரியும் காக்கா."

அவர் மெதுவாகத் திரும்பி அலமாரிகளைப் பார்த்தார். தரையிலிருந்து கூரை வரை அடித்து வைத்திருந்தோம். "சொல்லு" என்றார்.

"டாக்டர்தான் சார்."

"நான் ரெண்டாம் பக்கத்துலயே நெனச்சேன்!" என்று இன்ஜினியர் சந்தோஷமாகப் போய்விட்டார். அன்று மாலையே ஓட்டைக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் நானே முடிவு சொன்னேன். ஷட்டரை இறக்கும்போது, தயங்கித் தயங்கி என் விசா என்ன ஆகும் என்று கேட்டேன். காக்கா எரிந்து விழுந்தார்: "போ தம்பி, வேலையைப் பாரு. உன்னை ஏத்திவிட்டுட்டு இத்தனை கொலைகாரனையும் நான் எங்க போய்த் தேடுறது?"

படித்த படிப்பு நம்மைக் கடை வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். உள்ளே நிற்க வைப்பதற்கு ஒரு முதலாளியின் முட்டாள்தனம் வேண்டியிருக்கிறது.