ஸ்டெல்லா முகர்ந்து பார்த்த தரை

ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, ஜோலார்பேட்டை அருகே சாலை வேலையில் நின்றிருந்தேன். டிப்பரில் தார்க் கலவை சுடச்சுட வந்திருந்தது. ஆறிப்போனால் எதற்கும் ஆகாது. அதைப் போட்டு, ரோலர் ஓட்டி முடித்த பிறகுதான் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தால் ஸ்டெல்லாவே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

எங்கள் சின்ன ஒப்பந்த நிறுவனத்தில் தரம் பார்க்கும் பொறியாளர் அவர். வேலையை நடத்துகிறவன் நான். கூட வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு தெரியும், ரோலர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். டீசல் சிந்தினால் தார்த்தரை ஏன் இளகுகிறது என்று யார் கேட்டாலும், "ரெண்டும் கச்சா எண்ணெய்ல பொறந்த அண்ணன் தம்பிப்பா. பார்த்தா கட்டிப்புடிச்சிக்கும். தாரு கரைஞ்சிடும், ஜல்லி அநாதையா நிக்கும்" என்பார். பெட்ரோலாவது சீக்கிரம் ஆவியாகிவிடும், டீசல் உள்ளேயே தங்கிவிடும். சிந்தியதும் மணலோ மரத்தூளோ கொட்டி அள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றிப் பரப்பக் கூடாது என்று அவர் பாடம் எடுக்காத காவலாளி இந்தப் பக்கம் இல்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலைக்கு லாரி நிறுத்தும் தரை போட்டுக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே போட்டு முடித்த பகுதியில் ஓரிடம் வெல்லப்பாகு போல இளகிவிட்டது. அங்கே தினமும் நிற்பது சலீம் பாயின் லாரி. ஸ்டெல்லா எல்லா டிரைவர்களும் பார்க்க, "இந்த வண்டிதான் ஒழுகுது" என்றார். தொழிற்சாலை மேலாளர், அந்த லாரி இனி உள்ளே வரக் கூடாது என்றுவிட்டார். சலீம் பாய்க்கு அந்தத் தொழிற்சாலைச் சரக்குதான் பிழைப்பே. "சொட்டுகூட ஒழுகாது மேடம். இன்னா பேஜார் இது?" என்று வண்டிக்கு அடியில் குனிந்து காட்டினார்.

மறுநாள் இளகிய தாரை வெட்டியெடுக்கப் போனோம். மதிலோரம், லாரி நுழையவே முடியாத மூலையிலும் தரை இளகியிருந்தது. ஸ்டெல்லா மண்டியிட்டு முகர்ந்தார். "இங்க எந்த லாரிப்பா வந்துச்சு?" என்றார். பிறகு மெதுவாக எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். கலவை ஒட்டாமலிருக்க மண்வெட்டிகளை டீசல் வாளியில் முக்கிக்கொண்டிருந்தார்கள். சாலை போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். வாளி வைத்திருந்தது அந்த மூலையில். டிப்பர் தொட்டிக்கு டீசல் பூசியது சலீம் பாய் நிற்கும் இடத்தில்.

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மேலாளரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நாலு பேர் எதிர்ல பழி போட்டேன். காதுல போய் சொன்னா ஆச்சா?" என்று, சலீம் பாயும் மற்ற டிரைவர்களும் நின்றிருந்த வாசலுக்கு நடந்தார். மேலாளரையும் இழுத்துவந்து, டிரைவர்கள் நடுவே நின்று, "பாய், ஒழுகுனது உங்க வண்டி இல்ல. எங்க டீசல். தப்பு என்னோடது" என்றார். சலீம் பாய் மேலாளரைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். பிறகு, "அப்ப பிரியாணி உங்க செலவுதானே மேடம்?" என்றார். அன்று எல்லா டிரைவர்களுக்கும் ஸ்டெல்லாதான் பரிமாறினார். லாரி அன்றே உள்ளே போனது. அதன்பின் எங்கள் மண்வெட்டிக்கும் டிப்பருக்கும் சோப்புத் தண்ணீர்தான். லாரிகள் நிற்கும் வரிசைக்கு மட்டும் டீசலுக்கு இளகாத கான்கிரீட் போட்டுக்கொடுத்தோம்.

அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் சலீம் பாயும் ஒருவர்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். தப்பு என்னோடது என்று நாலு பேர் நடுவே நின்று சொல்லும் பழக்கம். அவர் அளவுக்குச் சத்தமாக எனக்கு இன்னும் வரவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன்.