தம்பியின் பனியனில் இல்லாத கோடு

"ஐப்பசி, ஞாயிறு, காலை. அக்கா: இடுப்பு. அத்தான்: பனியனின் கீழ் விளிம்பு. பெரியவள்: நெஞ்சு. சின்னவன்: கோடு வேண்டாம்."

என் நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சித்தி எழுதிவைத்த குறிப்பு இது. அக்கா என்றால் எங்கள் அம்மா, அத்தான் அப்பா, பெரியவள் நான். கிழமையும் மாதமும் எழுதியவளுக்கு ஆண்டை எழுதத் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றும் குறை உண்டு. நோட்டு நான்காம் வகுப்புக்கானது என்பதால் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று என்பது வரை சந்தேகமில்லை.

நாங்கள் தெற்கிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா நிட்டிங் மெஷினில், அம்மா தையலில், சித்தி பனியனில் படம் அச்சிடும் பிரிண்டிங் பட்டறையில். குடியிருந்தது ஆறு வீடுகள் ஒட்டி நின்ற ஒரு லைன் வீட்டில். வீடுகளின் பின்னால் நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஓடை. வெயில் காலத்தில் அதை ஓடை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாங்கள் அதற்குள் இறங்கிப் பந்து விளையாடுவோம்.

நாங்கள் குடிபோன இரண்டாம் மாதம் உள்சுவரில் சுண்ணாம்பு உரிந்தது. அடியில் ஒரு கறுப்புக் கோடு. அதற்குக் கீழே சுவர் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். சித்தி வெளியே போய்ப் பார்த்தாள். கழிப்பறைச் சுவரிலும் அதே உயரத்தில் கோடு. எதிரே நின்ற கரண்டு கம்பத்திலும் அதே உயரத்தில் யாரோ தாரால் இழுத்த கோடு.

வாடகை வாங்க வந்த வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

"அது பெயின்டரு பார்டருக்கு அளவு போட்ட கோடுங்க அம்மிணி."

"கரண்டு கம்பத்துக்குமா பார்டர் அடிச்சான் அண்ணாச்சி?"

அவர் வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ஓர் ஆள் வந்து உள்ளேயும் வெளியேயும் வெள்ளையடித்துவிட்டுப் போனான். சித்தி பட்டறையிலிருந்து மை கொண்டுவந்து அதே இடத்தில் கோட்டைத் திரும்ப இழுத்தாள். அவர் திரும்ப வெள்ளையடித்தார். இப்படி மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை கம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. திருப்பூரிலேயே வெள்ளையடித்த ஒரே கரண்டு கம்பம் எங்கள் தெருவில்தான் நின்றது.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. கடைசி வீடு நெடுநாளாகக் காலியாகக் கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் பழைய வெள்ளம் ஏறி நின்ற அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் திரும்பிவர மாட்டார்கள்.

ஐப்பசி பிறந்ததும் தெருமுனையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தாழ்வான பகுதியில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லத் தயாராக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அப்பா அதைச் சத்தமாக வாசித்தார்.

"யாரைத் தாழ்வுங்கான்? நம்மளையா?"

தெருவில் யாரும் தங்களைத் தாழ்வான பகுதி என்று ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்ச்சாரிக்காரர்கள் எங்கள் சாரியைக் காட்டினார்கள். நாங்கள் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளைக் காட்டினோம். பக்கத்து வீட்டு ஒடிசாக்கார அக்காவுக்குத் தமிழ் வாசிக்க வராது. சித்தி அவளுக்கு விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"எவ்ளோ பானி? எங்கே ஜானா?"

எவ்வளவு தண்ணீர், எங்கே போவது. சித்தி அறிவிப்பை மறுபடி வாசித்தாள். இரண்டுமே அதில் இல்லை.

அடுத்த ஞாயிறு பட்டறையிலிருந்து ஒரு மூட்டை ரிஜெக்ட் பனியன் வந்தது. சித்தி எங்கள் ஒவ்வொருவரையும் நிலைக்கதவில் சாய்ந்து நிற்கச் சொன்னாள். தரையிலிருந்து இஞ்ச் டேப் பிடித்து, அழிந்துபோன கோட்டின் உயரம் அவரவர் உடம்பில் எங்கே வருகிறது என்று பார்த்து, நோட்டில் எழுதினாள். பிறகு அந்த இடத்தில் பனியனின் குறுக்கே நீலக் கோடு. கோட்டுக்குக் கீழே விளிம்பு வரை அலை அலையாய்த் தண்ணீர். முதுகில் ஒரு மணியின் படம். மேட்டுப் பள்ளிக்கூடத்து மணி. எங்கள் பக்கத்தில் உயரமான இடம் அது ஒன்றுதான். முன்னால் எவ்வளவு, பின்னால் எங்கே. ஓர் எழுத்துகூட இல்லை. அயர்ன் பாக்ஸால் சூடு காட்டினாள். அந்த மை அதன்பின் எத்தனை துவைத்தாலும் போகாது.

சாயங்காலத்துக்குள் மற்ற நான்கு வீட்டில் குடியிருந்தவர்களும் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். ஒடிசாக்கார அண்ணன் தனக்கு மட்டும் கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே போடச் சொன்னார், அப்போதுதான் உயரமாகத் தெரிவாராம். சித்தி முறைத்ததும் நிமிர்ந்து அளவுக்கு நின்றார்.

எனக்குத் தாங்கமுடியாத பெருமை. அப்பாவுக்கு விளிம்பில், அம்மாவுக்கு இடுப்பில், எனக்கு நெஞ்சில். கோடு மேலே ஏற ஏற மதிப்பு கூடுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் முதலிடம் எனக்குத்தான்.

தம்பியின் பனியனில் மணி மட்டும் இருந்தது. முன்பக்கம் வெறும் வெள்ளை. அவன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, என் நெஞ்சைப் பார்த்து, அழத் தொடங்கினான். நான் அவனுக்காகச் சித்தியிடம் கேட்டேன். அவள் மையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். இன்னொரு முறை கேட்டேன். "அவனுக்கு வேண்டாம்" என்றாள். அநியாயமாகப் பட்டது. அவள் கைகழுவப் போன நேரத்தில் என் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, தம்பியின் நெஞ்சில் எனக்கு இருப்பதைப் போலவே நேராக ஒரு கோடு போட்டுக்கொடுத்தேன். அவன் அழுகையை நிறுத்திக் கைதட்டினான்.

திரும்பி வந்து பார்த்த சித்தி என்னை அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் கை என்மேல் பட்டதில்லை. தம்பியின் பனியனைக் கழற்றி, சோப்புப் போட்டு, அந்தக் கோடு போகும்வரை கல்லில் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"பொய்க்கோடு போடுவியா? அந்த ஆளு செய்யுத வேலைய நீயும் செய்வியா?"

நான் செய்தது உதவி. அதற்கும் வீட்டுக்காரரின் சுண்ணாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

கடைசி வீட்டைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் அந்தப் பனியன்களோடு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தோம். அந்தம்மா என் கோட்டைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர்கள் வீட்டுக்குள் நுழையாமலே போய்விட்டார்கள். அன்று மாலை வீட்டுக்காரர் வந்தார். கொங்குப் பக்கத்தில் கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

"ஏனுங்க அம்மிணி, எம் பொழப்புல மண்ணப் போடறீங்களே, நல்லா இருக்குதுங்களா? மாசக் கடைசியில ஊட்டக் காலி பண்ணிப்போடுங்க."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சித்தி நகரவில்லை.

"செவுரு ஒங்களுது அண்ணாச்சி. எத்தனை தடவைன்னாலும் சுண்ணாம்பு அடிங்க. பிள்ளைங்க எங்களுது."

அந்த வாரமே இரண்டு நாள் விடாமல் மழை. ஒரு பிற்பகல் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து, தாழ்வான பகுதியில் வசிப்போர் என்று அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனது. முதலில் கிளம்பியது ஒடிசாக்கார அக்கா. மணி போட்ட முதுகு ஒன்று முன்னே போக, அதன் பின்னால் இன்னொரு முதுகு, அதன் பின்னால் நான். சித்தி தம்பியைத் தோளில் உட்காரவைத்து நடந்தாள். மேட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவனைக் கீழே இறக்கவில்லை.

தண்ணீர் கழிப்பறையின் முதல் படியைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டது. மறுநாள் காலை வீட்டுக்காரர் குடையோடு நின்றிருந்தார்.

"எங்கீங்க அம்மிணி உங்க வெள்ளம்? பனியன் நனையவே இல்லீங்களே."

"நனையக்கூடாதுன்னுதான் அண்ணாச்சி போட்டோம். நனையதுக்கா போடுவாக?"

மாசக் கடைசியில் முதலிபாளையம் பக்கம் வீடு மாறினோம். புது வீட்டிலும் முதல் நாள் சித்தி செய்த வேலை, சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்ததுதான்.

போன மாதம் இஞ்ச் டேப்போடு அந்தத் தெருவுக்குப் போனேன். லைன் வீடு அப்படியே நிற்கிறது. சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். கம்பத்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் கழிப்பறையின் பின்சுவர் யார் கண்ணிலும் படாததால் டைல்ஸிலிருந்து தப்பியிருந்தது. சுண்ணாம்பைச் சுரண்டினேன். கோடு இருந்தது. தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம்.

வீட்டுக்கு வந்து தம்பியின் அங்கன்வாடி அட்டையை எடுத்தேன். அந்த ஐப்பசியில் அவன் உயரம் மூன்றடி. இப்போது நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறவன். சித்தியின் பனியனில் அவனுக்கான கோட்டுக்கு இடம் இல்லை. அது அவன் தலைக்கு மேலே இரண்டு அங்குலத்தில் போனது.

மறுநாள் திரும்பப் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு, முன்வாசல் டைல்ஸில் அதே உயரத்தில் பிரிண்டிங் மையால் கோடு இழுத்துவிட்டு வந்தேன். தேதியும் போட்டேன், ஆண்டோடு. டைல்ஸில் அந்த மை எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. அழித்தால் திரும்பப் போவேன்.

கோட்டின் உயரம் சரிபார்த்தாயிற்று. தம்பியின் உயரம் சரிபார்த்தாயிற்று. கம்பத்தில் முதன்முதலில் தார்க்கோட்டை இழுத்தவர் யார், எந்த ஆண்டு, அன்று அவர் வீட்டில் அந்தக் கோட்டைவிடக் குள்ளமாக யாரும் இருந்தார்களா என்பது மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.