வயரைப் பிடுங்கிய மதியம்

எங்கள் திண்டுக்கல் ஆபீஸுக்குப் பூ விவசாயிகள் போன் செய்வார்கள். என்ன பூ, எத்தனை கிலோ என்று போன் பட்டனை அழுத்தினால் போதும், மார்க்கெட் வண்டியில் இடம் பதிவாகிவிடும். போனை எடுக்கும் சர்வர் ஒன்று படுத்துவிட்டால், இன்னொன்று அதே அழைப்பைத் தொடர வேண்டும். அதற்காக அழைப்பு விவரங்களைச் சேமித்துவைக்க ‘நோஎஸ்க்யூஎல்’ வகை டேட்டாபேஸ்களில் எது சரி என்று எனக்கும் என்னோடு வேலை பார்க்கும் நஸ்ரினுக்கும் ஓயாத சண்டை. அவள் சொன்ன டேட்டாபேஸ் ஒவ்வொரு விவரத்தையும் உடனுக்குடன் இரண்டு சர்வரிலும் எழுதிவைக்குமாம். அதையே போட்ட பிறகும் நான் நம்பவில்லை.

“வாயால சண்ட போட்டது போதும்டி. வயரப் புடுங்கிப் பாத்துருவோம்” என்றாள் நஸ்ரின்.

மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்து முதல் சர்வரின் வயரை உருவியே விட்டாள். அப்போதுதான் நான் திரையைப் பார்த்தேன்.

“அடியே, லைன்ல ஆள் இருக்காருடி!”

பாலசமுத்திரத்து விவசாயி ஒருவர். பதிவு விட்டுப்போனால் வண்டி அவர் ஊருக்குப் போகாது. பறித்த பூ வெயிலில் வாடிவிடும். ஸ்பீக்கரைப் போட்டேன். சத்தமே இல்லை.

திடீரென்று இரண்டாவது சர்வர் பேசியது: “இருபது கிலோ செவ்வந்தி. சரியென்றால் ஒன்றை அழுத்தவும்.”

அவர் அழுத்தினார்!

நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை பிரியாணி மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அந்த விவசாயிக்கே போன் செய்தேன்.

“அண்ணே, இப்ப லைன்ல ஏதும் கோளாறு தெரிஞ்சுச்சா?”

“இல்லீங்களே. ஏனுங்க, வண்டி வருமில்லீங்க?”

“வரும்ணே!”

இத்தனை மாதம் சண்டை போட்டுச் செய்த வேலை அவர் காதில் விழவே இல்லை. அந்த ‘இல்லீங்களே’யைப் போல ஒரு பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.