பதினேழாம் குழாய்

இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டுவதாக இருந்தால் என்னை நல்லவளாக வைத்துச் சொல்லியிருப்பேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆடுகளுக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆட்டு ரத்தத்தில், மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஒன்று எவ்வளவு இருக்கிறது என்று சோதனைக் கிட் வைத்து அளப்பேன். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. ஆட்டின் புரதம் இருந்தால் குழி நீலமாகும். இல்லையென்றால் தண்ணீர் மாதிரியே நிற்கும்.

பதினேழாம் எண் ஆடு செவ்வாய்க்கிழமை மருந்து தாங்காமல் செத்தது. கூடத்தின் தலைவர், பெரிய டாக்டர், அதைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிட்டு, கொட்டகைக்காரர் திருடி விற்றுவிட்டதாகப் புகார் எழுதினார். திங்கட்கிழமை விசாரணை. வெள்ளி வரை ஆடு உயிரோடு இருந்ததற்குச் சாட்சி வேண்டுமே? வெள்ளிக்கிழமை பதினாறாம் ஆட்டின் ரத்தத்தை எடுத்து இரண்டு குழாயில் பிரித்து, ஒன்றில் பதினேழு என்று ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

கொட்டகைக்காரரைத் தாடி அண்ணன் என்போம். ஆடுகளைப் பார்த்து வளர்த்த தாடி என்று கேலி. அந்த வெள்ளி மாலை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அது செத்தப்ப நீயும் பக்கத்துலதானே நின்னே. அதை மட்டும் சொல்லும்மா."

"பாக்கலாம்ண்ணே."

"ஆடு கூட இப்படித்தான் பாக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து சோதனையைத் தொடங்கினேன். மதியம் 2.50. பதினாறு நல்ல நீலம். பதினேழு... தண்ணீர்.

ஒரே ஆடு. ஒரே ரத்தம். என் கையால் பிரித்தது.

புதுத் தட்டில் முதலிலிருந்து செய்தேன். மாலை 5.55. பதினாறு நீலம். பதினேழு தண்ணீர்.

நடைபாதையில் குளம்புச் சத்தம். டக்... டக்...

கதவருகே நின்றது.

யாரோ செருமினார்கள். தாடி அண்ணனின் செருமல்.

"அண்ணே?"

எழுந்து போனேன்.

திறந்தேன்.

யாருமில்லை...

திரும்பி வந்து, பதினாறின் அளவையே பதினேழுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. இன்றுவரை உறுத்துவது அதுதான்.

விசாரணைக்குத் தாடி அண்ணன் வரவில்லை. பயந்து ஓடிவிட்டான் என்றார் பெரிய டாக்டர். என் காகிதம் ஒன்றே போதுமானதாக இருந்தது. திருடன் என்று முடித்தார்கள்.

புதன்கிழமை தாடி அண்ணன் தங்கியிருந்த அறையைத் திறந்தார்கள். வெள்ளி இரவே உயிர் போயிருக்கிறது.

மிச்சமிருந்த பதினேழாம் குழாயை யாருக்கும் தெரியாமல் வேறு கூடத்துக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது. ஆட்டு ரத்தம் அல்ல, மனித ரத்தம்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்.

"உடம்புல ஒரு காயம் இல்லம்மா. கழுத்துல மட்டும் ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி."

ஆடுகளுக்கு நான் ரத்தம் எடுப்பது அங்கேதான்.