ஒரு நாள் பிந்திய கஞ்சி

அந்த மார்கழியில் மழை பிடித்த பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் கொழுந்தெடுக்கப் போகவில்லை. விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும். நாங்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நிற்போம். கங்காணி மலையைப் பார்ப்பார், பிறகு எங்களைப் பார்ப்பார், வரிசை வீடான லயத்தில் அவரவர் காம்பராவுக்குத் திரும்பிப் போகச் சொல்லுவார்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். எங்கள் தோட்டமோ பசறைக்கும் மேலே. அரிசி பதுளையிலிருந்து மாட்டு வண்டியில் வரும். ஆற்றோரம் ஒரு கல் கட்டிடத்தில் அதை இறக்கி வைத்து எங்களுக்கு அளந்து போடுவார்கள். என் தகப்பனார் லயத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எனக்கு எழுத்துத் தெரியும். மற்றபடி நானும் கூடை கட்டியவள்தான். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் ஆலையில், வேலை. எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

மலை சரிந்தது ஒரு மத்தியானத்தில். வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். எங்களுக்குக் கீழே இருந்த லயம் அங்கே இல்லை. கூரைத் தகரம் ஒன்று மட்டும் சேற்றின் மேல் மிதந்து மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. வேலையில்லாத நாள் என்பதால் எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள். வேலை நடந்திருந்தால் அவர்கள் மலையில் நனைந்துகொண்டு உயிரோடு இருந்திருப்பார்கள். இதை அன்றைக்கு எல்லாரும் நினைத்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதே சேறு ஆற்றை மறித்தது. மறித்த ஆறு உடைத்துக்கொண்டு போனபோது அரிசிக் கட்டிடமும் பாலமும் சேர்ந்து போயின. பசறைப் பாதை பாதியில் அறுந்து கிடந்தது. தோட்டத்துத் துரை அந்தச் சமயம் கொழும்பில். கங்காணி மிஞ்சிய சனங்களை ஸ்டோருக்குக் கூட்டிப் போனார். மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாடப் போடும் சாக்குத் தட்டுகளில் படுத்துக்கொண்டோம். இரண்டு பேரை மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள். மற்றவர்களைத் தோண்டப் போனபோது மண் மறுபடி அசைந்ததால் விட்டுவிட்டார்கள்.

காம்பராக்களில் இருந்த கொஞ்சம் அரிசியையும் மாவையும் கங்காணி ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். அது சீக்கிரம் தீர்ந்தது. பிறகு பலாக்கொட்டையை அவித்தோம். சர்க்கரைவள்ளியான வத்தாளைக் கிழங்கு போட்டிருந்தவர்கள் கிழங்கு தீர்ந்ததும் கொடியையும் இலையையும் பறித்து அவித்தார்கள். தேயிலைக்கு மட்டும் பஞ்சமில்லை. சீனியில்லாத தேயிலைச் சாயத்தை ஊதி ஊதிக் குடித்தோம். பசித்த வயிற்றில் அது எரியும். எரிந்தாலும் சூடாக ஏதோ உள்ளே போகிறதே என்று குடித்தோம்.

என்னிடம் பால் வற்றிப் போனது. பிள்ளைக்குக் காய்ச்சலும் வந்தது. முதலில் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்தினாள். பக்கத்தில் படுத்திருந்த பெண்கள், "தூங்குறா, தொந்தரவு பண்ணாத," என்றார்கள். அது தூக்கமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் சாயத்தில் துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்துப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. காலையில் அவள் போய்விட்டாள். ஸ்டோருக்குப் பின்னால் மண் கெட்டியாக இருந்த ஓரிடத்தில் அடக்கம் செய்தோம். சுற்றுவதற்கு என் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் கஞ்சி வந்தது.

பசறைக் கடைவீதி முஸ்லிம் ஆட்கள் கொஞ்சப் பேர் மேலே மலையைச் சுற்றிக் காட்டு வழியாக வந்திருந்தார்கள். அந்தக் காட்டு வழி கிராமத்துச் சிங்களவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் சிலர் முன்னால் கத்தியால் வெட்டி வழி விட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அரிசி மூட்டைகளைச் சிறு சிறு பைகளாகப் பிரித்துத் தலையில் சுமந்திருந்தார்கள். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற கிடாரம் ஒன்றைக் கம்பில் கட்டி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எல்லாருடைய காலிலும் அட்டை கடித்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் உட்காரக்கூட இல்லை. ஸ்டோரில் விறகு எங்கே என்று கேட்டு அடுப்பு மூட்டினார்கள்.

கஞ்சி ஊற்றியவரை எனக்குத் தெரியும். கடைவீதியில் தையல் மெஷின் வைத்திருந்தவர், நானா என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளி சமயம் லயத்துப் பெண்கள் எல்லாரும் அவரிடம்தான் சட்டை தைக்கக் கொடுப்போம். அதிகம் பேசாதவர். சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று யாராவது போய் நின்றால் மறுபேச்சில்லாமல் பிரித்துத் தைத்துத் தருவார். நான் சிரட்டையை நீட்டியபோது அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது.

"புள்ள எங்க?" என்று கேட்டார். தீபாவளிக்குத்தான் அவளுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார்.

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "நேத்துப் போயிருச்சுங்க நானா," என்றார்.

அவர் கிடாரத்தின் அடிவரை அகப்பையை விட்டுக் கலக்கினார். பிறகு என் சிரட்டையில் கஞ்சியை ஊற்றினார். "மெதுவாக் குடிங்க. வெறும் வயித்துல அவசரமாக் குடிச்சா ஏத்துக்காது," என்றார்.

நான் குடித்தேன். குடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். அவர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. முதல் நாள் வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அந்தக் காட்டு வழியை வெட்டவே அத்தனை நேரம் பிடித்தது என்று பின்னால் தெரிந்தபோதும் அந்த ஆத்திரம் முழுதாகப் போகவில்லை. ஆனால் சிரட்டை காலியானதும் மறுபடி நீட்டினேன்.

மழை நின்றும் பெய்தும் இருந்த அந்த நாட்களில் அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அரிசி, உப்பு, காய்ந்த மிளகாய், ஒரு தடவை கருவாடு. காட்டு வழி தூரம் என்பதால் பிறகு ஆற்றின் குறுக்கே ஒரு மரத்தை வெட்டிப் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டி, மரத்தின் மேல் கடக்கத் தொடங்கினார்கள். அந்த மரத்திலிருந்துதான் தையல்கார நானா விழுந்தார். தலையில் அரிசிப் பை இருந்தது. கால் வழுக்கியபோது பையை விட்டிருந்தால் கயிற்றைப் பிடித்திருக்கலாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அவர் பையை விடவில்லை.

எங்கள் ஆம்பளைகள் ஆற்றோரமாகத் தேடிப் போய்க் கீழே பாறைகளுக்கிடையில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். கம்பளியில் கிடத்திக் கம்பு கட்டிப் பசறை வரைக்கும் சுமந்தார்கள். கடைவீதியில் பெரியவர்கள் தோள் மாற்ற வந்தபோது கங்காணி, "வீட்டு வாசல் வரைக்கும் நாங்க கொண்டாறோங்க," என்று கேட்டாராம். சரி என்று விட்டார்களாம். சாதாரண நாளில் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நடப்பார்கள்.

பாதை சரியாகித் துரையும் வந்து வேலை தொடங்கிய பிறகு, நானாவின் வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு லயத்தில் எழுந்தது. பெண்கள் கூடிப் பேசி, உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்குவது என்று முடிவு செய்தோம். கோயிலுக்கு எடுத்து வைக்கிற அரிசியோடு கலந்துவிடக் கூடாது, சாமிக்குப் படைத்ததை அவர்கள் வாங்கமாட்டார்கள் என்று ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். தனிப் பானையில் சேர்த்தோம். பானை நிறைந்ததும் மூன்று பெண்கள் அதைச் சுமந்துகொண்டு பசறைக்குப் போனோம்.

புருஷனை இழந்த பெண் சில மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருப்பது அவர்கள் வழக்கம். அதனால் பின்வாசல் வழியாகப் போனோம். நானாவின் மனைவி என்னைவிட நிறைய மூத்தவர். பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூலையில் தையல் மெஷின் துணியால் மூடியிருந்தது.

அரிசிப் பானையை அவர் முன்னால் வைத்து, "எங்களால ஆனது உம்மா," என்றேன்.

அவர் பானைக்குள் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத எடுத்துக்கிட்டுப் போங்க. அரிசி தூக்கிக்கிட்டுப் போய்த்தான் அவரு மௌத்தாகினாரு. எனக்கு அரிசியக் காட்டாதீங்க."

அவர் கோபமாகப் பேசவில்லை. என்னுடன் வந்தவள், "பெரிய மனசு பண்ணணும்," என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு கவளம் சோறு உள்ளே போகும்போதெல்லாம் எனக்கு என்ன தோன்றிக்கொண்டிருந்ததோ அதைத்தான் அந்த அம்மா வாய்விட்டுச் சொன்னார். பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். வழியில் அதை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. லயத்துக்கே கொண்டுவந்து, வேறு வழியில்லாமல் பிரித்து எடுத்து ஆக்கித் தின்றோம்.

அதற்குப் பிறகு கங்காணியின் மனைவிதான் ஒரு யோசனை சொன்னாள். அப்போது தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டித் தள்ளிய குச்சி, அதாவது மிலாறு, மலையெல்லாம் கிடந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு மிலாறு கொண்டுபோய் அந்த வீட்டுப் பின்வாசலில் போட்டுவிட்டு, யாரையும் கூப்பிடாமல் வந்துவிடுவது. விறகைக் கண்டு யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது என்றாள். அப்படியே செய்தோம். அடுத்த சந்தைக்குப் போனபோது பழைய கட்டுகள் அங்கே இல்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லியனுப்பவும் இல்லை.

நானாவின் மனைவி வெளியே வராத அடைப்புக் காலம் முடிந்து கொஞ்ச நாளில், நாங்கள் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாட்டு வண்டி தோட்டத்துக்குள் வந்தது. அந்த அம்மா தன் தம்பியோடு வந்திருந்தார். "அவரு விழுந்த எடத்தப் பாக்கணும்," என்று கங்காணியிடம் சொன்னார். கங்காணி என்னிடம் அவரைக் கூட்டிப் போகச் சொன்னார்.

ஆறு அப்போது முழங்கால் அளவுதான். மரத்தை அப்புறப்படுத்தியிருந்தார்கள், கரையில் அது அழுத்திய பள்ளம் மட்டும் தெரிந்தது. நான் இடத்தைக் காட்டினேன். தம்பி தள்ளி நின்று கையேந்தி ஓதினார். அந்த அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஊத்தின கஞ்சிய நீ குடிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க உம்மா."

"என்ன பேசினாரு?"

"மெதுவாக் குடிங்கன்னு சொன்னாரு. வெறும் வயித்துல அவசரமாக் குடிச்சா ஏத்துக்காதுன்னு சொன்னாரு."

அவர் தலையை ஆட்டினார். "நோன்பு தொறக்கக்குள்ள புள்ளைகளுக்கும் அதத்தான் சொல்லுவாரு."

பிறகு, "ஒனக்குப் புள்ள இருக்கா?" என்றார்.

"இருந்தா உம்மா. கஞ்சி வர்றதுக்கு மொத நாளு போயிட்டா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மகளுக்குச் சட்டை தைத்தவர் தன் புருஷன் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரும்படி கல்லைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"அப்ப எங்கட ஆளுகள் மேல ஒனக்குக் கோவம் வந்திருக்குமே," என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "வந்துச்சுங்க. இன்னமும் சில நேரம் வருது."

"எனக்கும் ஒங்கட ஆளுகள் மேல வருது," என்றார். "அவரு போகாம இருந்திருந்தா நல்லதுன்னு நெனைக்கிறேன். பொறகு அப்படி நெனைச்சதுக்கு அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்றேன்."

வெயில் ஏறும் வரை அப்படியே இருந்தோம். நன்றி என்ற சொல்லை அன்றைக்கு நான் சொல்லவில்லை. எழுந்து நின்றபோது என் இரண்டு கையையும் சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தம்பி அவரைப் பதுளைக்குக் கூட்டிப் போய்விட்டார். தையல் மெஷினும் வண்டியில் போனதாகச் சொன்னார்கள். சரிந்த இடத்தில் துரை புதிதாகத் தேயிலை நடச் சொன்னார். எடுக்காமல் விட்டவர்கள் எல்லாரும் அதற்கு அடியில்தான் இருக்கிறார்கள். பிறகு எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். பெண் பிள்ளை இல்லை.

பல வருஷம் கழித்து ஒரு மழை நாளில், அந்த அம்மா பதுளையில் மௌத்தாகிவிட்டார் என்று சந்தைக்குப் போனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். கஞ்சி குடித்தவர்களில் மிஞ்சியிருந்த நாலைந்து பெண்கள் மறுநாள் பெரட்டுக்குப் போகாமல் பதுளைக்கு நடந்தே போனோம். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நாங்கள் யார் என்று அந்த வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். பசறைக்கு மேலே இருக்கிற தோட்டத்து ஆட்கள் என்றோம். அந்த அம்மாவின் மருமகள் எங்களுக்குப் பாயை விரித்தாள். ஈரச் சேலையோடு அதில் உட்கார்ந்து, பொழுது சாயும் முன் எழுந்து மலைக்குத் திரும்பினோம்.