பட்டறை பெஞ்சில் இரண்டு எதிரிகள்

ஃபைபர் ஒட்டும் தொழிலில், காய்வதற்குள் யாராவது வந்து விரலால் குத்திப் பார்க்காத வேலை என்று ஒன்று கிடையவே கிடையாது. நீங்கள் தையல்காரராக இருக்கலாம், சைக்கிள் கடை வைத்திருக்கலாம். உங்களுக்கும் இப்படி நாலு பேர் வாய்த்திருப்பார்கள், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன் நான். பிள்ளைகள் அலை மேல் ஏறி நிற்கப் பழகிய பிறகு, அவர்களுடைய சர்ஃபிங் போர்டுகளும் என் தலையில் விழுந்தன.

நண்டு

மோனிஷாவும் லோகேஷும் பிளஸ் ஒன்னில் ஒரே வகுப்பு. ஒரு பரீட்சையில் இவள் முதல் மார்க், அடுத்ததில் அவன். கடலிலும் அதே கதை. எங்கள் குப்பத்துப் போட்டியில் ஆண், பெண் என்று பிரிக்கிற அளவுக்கு ஆள் இல்லை. ஒருவர் பின் ஒருவராக அலையில் ஏற வேண்டும், எல்லோருக்கும் ஒரே கோப்பை. மீன் விற்கும் மோனிஷாவின் அம்மா, இந்த வருஷம் கோப்பை வராவிட்டால் போர்டை விற்றுவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே மோனிஷா ஒரு பை நிறைய நண்டோடு வந்தாள். எனக்கு நண்டு பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

"பெரியப்பா, லோகேஷ் போர்டு உன்னாண்டதான கீது? போட்டி முடிஞ்ச மறுநாள் குடு, போதும்."

தாத்தா

நண்டு இல்லாமலேயே அதைச் செய்திருப்பேன். லோகேஷின் அப்பா சேகர், நான் போட்ட ஒட்டு நடுக்கடலில் விட்டுவிட்டது என்று கரை முழுக்கச் சொன்னவன். காய்வதற்கு முன்னால் படகைத் தள்ளிக்கொண்டு போனதை மட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. இப்போது கடப்பாக்கம் வரை படகைக் கொண்டுபோய் ஒட்டிக்கொள்கிறான். டீசல் அவனுடையது, எனக்கென்ன.

அவன் மகன் லோகேஷ் என்னைத் தாத்தா என்பான். அவன் அப்பனைவிட எனக்குக் கொஞ்சம்தான் வயது அதிகம். இதையும் மனதில் வைத்திருக்கிறேன். உன் போர்டு இப்போதைக்கு ஆகாது என்றேன். அவன் கோபப்படவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

"தாத்தா, சண்டை உனுக்கும் எங்கப்பாவுக்கும்தான. போர்டு இன்னா பண்ணுச்சு?"

மறுநாளே ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

கடல் அடிக்காத இடம்

போர்டு என்றால் மூக்கு உடையும், ஓரம் பிளக்கும், வால் பக்கம் பெயரும். கடல் அடிக்கிற இடங்கள் அவைதான். ஆனால் போட்டி நெருங்க நெருங்க, மோனிஷாவின் போர்டு நடு முதுகில் குழியோடு வர ஆரம்பித்தது. யாரோ கருங்கல்லால் பதமாகக் கொத்திய மாதிரி இருந்தது. அதே சாயங்காலம் லோகேஷ் போர்டிலும் அதே மாதிரி குழி.

இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, இயற்பியல் கணக்கு ஒன்றுக்காக நாய் பூனை மாதிரி சண்டை போட்டார்கள். முனையில் தொடங்கிய சண்டை, நான் ஃபைபர் மேட் வெட்டி முடிப்பதற்குள் பெஞ்சின் நடுவுக்கு வந்துவிட்டது. அதுவரை சீக்கிரம் சீக்கிரம் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்த பெண், நான் ரெசின் பசையில், அதைக் காயவைக்கிற ஹார்டனரை ஊற்றப்போனபோது கையைப் பிடித்தாள்.

"கொஞ்சமா ஊத்து பெரியப்பா. மெதுவாவே காயட்டும், இப்ப இன்னா அவசரம்."

நிஜமாகவே உடைந்தது

போட்டிக்கு முந்தின நாள் மோனிஷாவின் போர்டு, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்லில் மோதி இரண்டாகிவிட்டது. விடிவதற்குள் காயாது என்று அவளுக்கே தெரியும். இரண்டு துண்டுகளையும் சேர்த்துச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகேஷ் வந்து, தயாராக இருந்த தன் போர்டை எடுத்து அவள் பக்கத்தில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"நான் ஏறி முடிச்சதும் இதுலயே அவ ஏறட்டும் தாத்தா. இல்லன்னா போர்டு இல்லாததாலதான் தோத்தேன்னு வருஷம் பூரா சொல்லிக்கினு இருப்பா, எவன் கேக்கறது?"

கோப்பைக்குப் பிறகு

அவன் போர்டிலேயே அவனைத் தோற்கடித்தாள். அவள் அம்மா கோப்பையை மீன் கூடையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். போர்டை விற்கிற பேச்சு அதோடு போயிற்று. சேகரோ, ஒட்டு சரியில்லாததால்தான் தன் மகன் விழுந்தான் என்றான். அதே ஒட்டின் மேல்தான் அவள் நின்றாள் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, பேசுவதில்லையே.

மறுநாள் போர்டை மோனிஷாதான் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஒரு பக்கமா இழுக்குது பெரியப்பா, இத வெச்சிக்கினு எப்படித்தான் ஓட்டுனானோ. சாயங்காலம் அவனயும் கூட்டிக்கினு வரேன், நீ நெதானமா பாரு."

ஆயுசு முழுக்கப் படகு ஒட்டியதில் சம்பாதித்ததைவிடப் பெரிய கெட்ட பெயரை, பட்டறையில் இந்த இரண்டு பேரும் உட்கார ஒரே ஒரு பெஞ்சு போட்டதில் சம்பாதிக்கப்போகிறேன்.