புடவை எடையில் ஒரு லேப்டாப்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதி வேறு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் என் மகளுக்குத் தோளில் ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வேலையோ ஊர் ஊராகப் போய், கண் முகாமுக்கு வரப்போகிற பெண்களின் பெயரையும் கோளாறையும் லேப்டாப்பில் ஏற்றுவது. ஆபீசில் கொடுத்திருந்த லேப்டாப்பைச் சார்ஜரோடு தூக்கினால் அம்மிக் குழவியைத் தூக்குகிற மாதிரி இருக்கும்.

கடையில் லேசாக ஒன்று காட்டினார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். கனத்த முகூர்த்தப் புடவை ஒன்றின் எடைதான். ஆனால் அதற்குள் ஒன்றும் தங்காதாம். எழுதுவதெல்லாம் இன்டர்நெட்டில் போய் உட்காருமாம். பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்தோம்.

"இது சரிப்பட்டு வரலன்னா வேலைய விட்டுட வேண்டியதுதாம்மா" என்றாள் மகள். ஊர்ப் பெண்களோடு பேசிச் சிரித்துவிட்டு வருகிற நாட்களில்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

ஆறாம் நாள் தென்னேரிக்குப் புறப்பட்டாள். துணைக்கு நானும் பஸ் ஏறினேன். அங்கன்வாடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். மகள் லேப்டாப்பைத் திறந்தால், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"சிக்னல் இல்லன்னாலும் எழுதலாம்னு கடையில சொன்னாங்கம்மா. அதுக்குண்டானத நேத்தே செஞ்சு வெச்சிட்டேன்" என்று தட்ட ஆரம்பித்தாள்.

இன்டர்நெட்டே இல்லையென்றால் எழுதினது எங்கே போய் உட்காரும்? வாயைத் திறந்து கேட்கக் கூச்சம். பையில், நான் தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதுகிற நோட்டு இருந்தது. சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் அதில் எழுதினேன்.

"எனக்கு கண்ணு நல்லாத்தான் இருக்குது மேடம்" என்றாள் ஒருத்தி. "எதிர்வூட்டுக்காரி மூக்குத்தி கல்லு வரிக்கும் தெரியுது. ஊசில நூல் கோக்கத்தான் வரல."

"அடுத்த வூட்டு சமாச்சாரம்னா அவளுக்கு கண்ணாடியே வேணாம் மேடம். லிஸ்ட்டுலர்ந்து பேர எடுத்துடு!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என்னையும் ஒருத்தி பார்த்துவிட்டாள். "ஆயா இன்னா எழுதிக்கினு இருக்குது?"

"ராமஜெயம்" என்றேன். பொய்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் லேப்டாப்பை வைஃபையில் சேர்த்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். தென்னேரியில் லேப்டாப்பில் தட்டியது அத்தனையும் அதிலும் வந்திருந்தது. விரல் வைத்து எண்ணினேன். பத்தொன்பது பேர். அங்கன்வாடியில் கூடியிருந்ததும் பத்தொன்பது பேர்தான். ஒருத்திகூட விடுபடவில்லை.

அப்புறம்தான் என் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா! ஸ்ரீராமஜெயம், வயசு அம்பத்திரெண்டு, ரெண்டு கண்ணுலயும் புரைன்னு எழுதி வெச்சிருக்கியே! அந்தம்மாவ முகாமுக்கு யாரு இட்டாறது?"

கைப்பழக்கம். மூக்குத்திக் கதையைக்கூட விடாமல் எழுதியிருந்தேன். பெயர்கள் பதினேழுதான் இருந்தன. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். காலையிலிருந்து பையை மாட்டிக்கொண்டு அலைந்தவள், தோளை ஒரு தடவைகூடப் பிடித்துக்கொள்ளவில்லை.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆபீசின் பழைய படிவம் ஒன்று மட்டும் இதில் திறக்க மாட்டேன் என்கிறது. அதை மாதம் ஒருமுறை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறாள். மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே போதுமாம். அடுத்த வாரம் ஓரிக்கைக்குத் தனியாகவே போய்வந்தாள். நான் வீட்டிலேயே இருந்து, விட்டுப்போன ராமஜெயத்தை எழுதி முடித்தேன்.

தென்னேரிக்குப் போனது செவ்வாயா புதனா என்பது எனக்கு நினைவில்லை. லேப்டாப்பைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அச்சுக்குப் போகும் முன் யாராவது என் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அவளுடையதையே வைத்துக்கொள்ளுங்கள்.